வெங்காயத்துக்கு கடைசி தண்ணி எப்போ? எடை கூடுது... மூட்டையில அழுகுது... காரணம் என்ன?

ஒரே கடை, ஒரே மூட்டை, ஒரே விலை. ஆனா வாங்கிட்டு வந்த 2 கிலோ வெங்காயத்துல பாதி ஒரு மாசம் வரைக்கும் கல்லு மாதிரி இருக்கும். மீதி நாலே நாள்ல கழுத்துப் பக்கம் கொழகொழன்னு ஆகி, தோலை உரிச்சா கருப்புப் பொடி கொட்டும். திருவள்ளூர் மாவட்டம் கடம்பத்தூர் மட்டுமில்ல, தமிழ்நாட்டில் எந்த ஊர் சமையலறையிலும் நடக்கிற கதைதான் இது. பழி பெரும்பாலும் கடைக்காரர் மேல விழும். உண்மையில் அந்த வெங்காயத்தின் ஆயுள் வயல்லயே முடிவாகிவிடுகிறது. அதுவும் அறுவடைக்கு முந்தைய கடைசி இரண்டு வாரத்தில், தண்ணியை நிறுத்தினார்களா இல்லையா என்பதில்.

கடம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் நெல், வேர்க்கடலை, காய்கறி என்று விவசாயம் நடந்தாலும், வெங்காயம் வெளியூர் சரக்குதான். பெரிய வெங்காயம் மகாராஷ்டிராவின் நாசிக், கர்நாடகா, ஆந்திராவின் கர்னூல் பக்கம் இருந்து வருகிறது. சின்ன வெங்காயத்துக்கு பெரம்பலூர், திருச்சி, நாமக்கல், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வர்ற பொருள் என்பதால், அது எத்தனை நாள் தாங்கும் என்பது இங்கே வாங்குகிறவருக்கு விலை அளவுக்கே முக்கியம்.

எவ்வளவு தண்ணி குடிக்கும் வெங்காயம்?

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு (எஃப்.ஏ.ஓ.) சொல்லும் கணக்குப்படி, நல்ல விளைச்சலுக்கு வெங்காயப் பயிருக்கு 350 முதல் 550 மில்லிமீட்டர் தண்ணி தேவை. மில்லிமீட்டர்னா புரியாது என்பவர்களுக்கு வேற மாதிரி சொல்லலாம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்றால் அது சுமார் 4,047 லிட்டர். அப்படிப் பார்த்தால் ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு 14 லட்சம் முதல் 22 லட்சம் லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கொண்டுவந்தால் 118 லோடில் இருந்து 185 லோடு வரைக்கும் ஆகும்! 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும் சின்ன வெங்காயத்துக்கு இந்தக் கணக்கின் கீழ்ப்பக்கம் பொருந்தும். மாதக்கணக்கில் நிற்கும் பெரிய வெங்காயத்துக்கு மேல்பக்கம்.

பயமுறுத்தும் எண்ணாகத் தெரிந்தாலும், ஒரு கிலோ வெங்காயத்துக்கு வரும் செலவு 100 முதல் 125 லிட்டர்தான். ஒரு கிலோ நெல்லுக்கு சராசரியாக 2,500 லிட்டர் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. (நெல் காய்ந்த தானியம், வெங்காயத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணியே என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது கொஞ்சம் அநியாயம்தான்.)

ஆக, வெங்காயம் நிறைய தண்ணி கேட்கும் பயிர் இல்லை. அடிக்கடி கேட்கும் பயிர். காரணம் அதன் வேர். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் ஓர் அடி ஆழத்துக்குள்ளேயே நின்றுவிடும். கீழே ஈரம் இருந்தாலும் எட்டிக் குடிக்கத் தெரியாது. மேல்மண்ணில் இருக்கும் ஈரத்தில் கால் பங்கு குறைந்தாலே பயிர் வாட ஆரம்பித்துவிடும் என்கிறது எஃப்.ஏ.ஓ. அதனால்தான் ஒரேயடியாக வயலை நிரப்பிவிட்டு பத்து நாள் கழித்து வந்து பார்ப்பது இதற்கு ஒத்துவராது.

முதல் தண்ணி, மூணாம் நாள் உயிர்த் தண்ணி, அப்புறம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எளிமையானது. நட்டவுடன் ஒரு தண்ணி, மூன்றாம் நாள் உயிர்த் தண்ணி, பிறகு வாரம் ஒரு முறை. மண்ணையும் வெயிலையும் பார்த்து இதில் கூட்டிக் குறைக்க வேண்டியது விவசாயியின் வேலை. பெரம்பலூர் கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் கலந்த செம்மண் பிடிக்காது.

ஆனால் எல்லா வாரமும் ஒரே மாதிரி இல்லை. ஆரம்பத்தில், தாள் மட்டும் வளரும் கட்டத்தில், கொஞ்சம் பற்றாக்குறை வந்தாலும் வெங்காயம் சமாளித்துக்கொள்ளும். சொல்லப்போனால் இந்தக் கட்டத்தில் தண்ணி அதிகமானால் தாள் தளதளன்னு வளரும், அடியில் காய் திரள்வது தள்ளிப்போகும். பார்க்கிறவர்களுக்கு பச்சைப்பசேல்னு ஜோராக இருக்கும். கிழங்கு பிடிக்காது.

உயிர்நாடி, காய் திரளும் கட்டம். அப்போது தண்ணி குறைந்தால் அப்படியே எடையில் அடிக்கும். எஃப்.ஏ.ஓ. கணக்கில், மொத்த வளர்ச்சிக் காலத்தில் தேவையான தண்ணியில் 10 சதவீதம் குறைந்தால் விளைச்சல் சுமார் 11 சதவீதம் குறையும். அதாவது வெங்காயம் தாகத்தைப் பொறுத்துக்கொள்ளும் பயிர் இல்லை. சின்ன வெங்காயத்தில் ஏக்கருக்கு ஏறக்குறைய 5 முதல் 6 டன் எடுப்பதா, அதில் பாதியோடு நிற்பதா என்பது இந்தச் சில வாரங்களில் தெரிந்துவிடும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக தண்ணி கட்டுவது நம்ம ஊர் விவசாயத்தில் பழைய சூத்திரம். நெல்லில் அது நன்றாகவே வேலை செய்யும். வெங்காயத்தில் காய்ச்சல் நீண்டுவிட்டால் வேறு பிரச்னை வரும். வயல் நன்றாகக் காய்ந்தபின் திடீரென்று நிறைய தண்ணி பாய்ச்சும்போது, உள்ளே இருக்கும் அடுக்குகள் வேகமாக உப்பும். வெளிச்சருகுக்கு அந்த வேகத்தில் விரியத் தெரியாது, வெடித்துவிடும். இரட்டைக் காய், பிளந்த காய் என்று தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படும் சரக்கில் இப்படி வந்தவையும் உண்டு. எடை இருக்கும், விலை இருக்காது.

அந்தப் பக்கம், தண்ணி தேங்கினால் நோய். அடித்தாள் அழுகல் வரும். ஈரமும் மழையும் சேர்ந்தால் தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோய். பெரம்பலூர் பக்கம் விவசாயிகள் வாயில் கோழிக்கால் நோய் என்ற பெயர் மழை வருஷங்களில் அடிக்கடி கேட்கும். வடிகால் இல்லாத பாத்தியில் மருந்து அடித்துக்கொண்டே இருப்பது கிட்டத்தட்ட வீண் செலவு.

கழுத்தை மூட விடுங்க

இங்கதான் தலைப்பில் சொன்ன கடைசி தண்ணி வருகிறது.

வெங்காயம் முற்றும்போது தாளில் இருக்கும் சத்தை எல்லாம் காய்க்குள் இறக்கிவிட்டு, கழுத்துப் பகுதி மெலிந்து, தாள் தானாகவே தலைசாயும். வயலில் பாதிச் செடிகள் இப்படிச் சாய்ந்தால் அறுவடைக்குத் தயார் என்பது கோடைப் பட்ட வெங்காயத்துக்குப் பொதுவான அடையாளம். காய்ந்து மெலிந்த அந்தக் கழுத்துதான் வெங்காயத்தின் மூடி. அது சரியாக மூடிவிட்டால் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே போக வழி குறைவு. மேலே இரண்டு மூன்று சருகு காய்ந்து கவசம் மாதிரி நிற்கும்.

கடைசி வரை தண்ணி கட்டினால் (கூடவே தாமதமாக யூரியாவும் போட்டால்) செடிக்கு வளர்ச்சி முடிந்துவிட்டது என்ற சேதியே போகாது. தாள் பச்சையாகவே நிற்கும். கழுத்து தடிமனாக, ஈரமாக இருக்கும். அப்படி அறுத்த காயை எவ்வளவு காயவைத்தாலும் உள்ளே ஈரம் தங்கும். மூட்டைக்குள் ஒன்று அழுகினால் பக்கத்தில் இருக்கும் பத்தும் போகும்.

அதனால் புனே அருகே ராஜகுருநகரில் இருக்கும் மத்திய அரசின் வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி நிறுவனம், அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பே தண்ணியை நிறுத்தச் சொல்கிறது. எஃப்.ஏ.ஓ. இன்னும் கொஞ்சம் முன்னே போய் 15 முதல் 25 நாள் என்கிறது. அறுத்த பிறகும் தாளோடு சில நாள் வயலில் உலர்த்தி, கழுத்தில் ஓர் அங்குலம் விட்டு தாளை அறுத்து, நிழலில் மறுபடி பத்து நாளுக்கு மேல் ஆறவைக்க வேண்டும்.

தெரிந்தும் ஏன் நிறுத்துவதில்லை?

இது எந்த வெங்காய விவசாயிக்கும் தெரியாத ரகசியம் கிடையாது. பிறகு ஏன் கடைசி வாரம் வரை மோட்டார் ஓடுகிறது? அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

உதாரணத்துக்கு மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 5 டன் சின்ன வெங்காயம், விலை கிலோ 30 ரூபாய். கடைசி தண்ணியால் எடை 5 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் 5,250 கிலோ. வயலிலேயே வியாபாரிக்குக் கொடுத்தால் கையில் 1,57,500 ரூபாய். அன்றே பணம்.

இன்னொருவர் தண்ணியை முறையாக நிறுத்தி, 5 டன்னையும் பட்டறை போட்டு இரண்டு மாதம் வைக்கிறார். நன்றாகப் பதப்படுத்திய காய் என்றாலும் எடை குறைவு, அழுகல், முளைப்பு எல்லாம் சேர்ந்து 20 சதவீதம் போகிறது என்று வைப்போம். மீதி 4,000 கிலோ. விலை 45 ரூபாய்க்கு ஏறியிருந்தால் 1,80,000 ரூபாய், லாபம்தான். விலை 30 ரூபாயிலேயே நின்றால்? வெறும் 1,20,000. அன்றே விற்றவரின் வரவைத் தொடுவதற்கே விலை 40 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும். பட்டறை போட்ட செலவு, வட்டி, இடையில் பெய்யும் மழை பற்றிய பயம் எல்லாம் தனி.

அதாவது, விலை ஏறும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தரமான, தாங்கும் வெங்காயத்தை விளைவிப்பதில் அர்த்தம் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர் எடைக்குத்தான் தண்ணி கட்டுவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. மண்டியில் காயின் அளவு, நிறம், பளபளப்பு, எடை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இந்தச் சரக்கு மூன்று மாதம் தாங்கும் என்பதற்கு தனி விலை கிடையாது. மோட்டார் ஓட்டும் செலவும் தடுக்காது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம்.

இந்த இடத்தில் டெல்லியின் பங்கையும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. அதே ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி முழுத் தடை. 2024 மே 4-ம் தேதி தடை நீங்கியது, ஆனால் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் 40 சதவீத வரியும் ஒட்டிக்கொண்டன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை நீக்கப்பட்டு வரி 20 சதவீதமானது. அந்த 20 சதவீதமும் 2025 ஏப்ரல் 1-ம் தேதிதான் முழுவதும் போனது. ஒவ்வொரு முறையும் நகரத்து நுகர்வோரைக் காப்பாற்றத்தான் என்று விளக்கம். அது நியாயமான கவலையும்கூட. ஆனால் வயலில் நிற்பவருக்குப் போகும் சேதி வேறு: விலை ஏறும்போது கதவு மூடப்படும், இறங்கும்போது யாரும் வரமாட்டார்கள். அப்படியிருக்க, ஏறும் விலைக்காகக் காத்திருக்கும் தரத்தில் அவர் ஏன் விளைவிக்க வேண்டும்?

மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்குப் போகும் நம்ம சின்ன வெங்காயமும் இந்தத் தடைகளில் பெரிய வெங்காயத்தோடு சேர்ந்தே மாட்டிக்கொள்கிறது. சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும் என்று தமிழக விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் நீண்ட நாளாகக் கேட்பது இதனால்தான்.

மழை கட்டும் கடைசி தண்ணி

விவசாயி நிறுத்தினாலும் வானம் நிறுத்தாத வருஷங்கள் உண்டு. 2019 அக்டோபர், நவம்பரில் மகாராஷ்டிரா, கர்நாடகாவில் பருவம் தவறிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற வெங்காயத்தை வயலிலேயே அழுக வைத்தது. செப்டம்பர் இறுதியிலேயே ஏற்றுமதித் தடை வந்துவிட்டது. நவம்பரில் 1.2 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டிசம்பரில் சென்னையில் கிலோ 150 ரூபாயைத் தாண்டிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்போது எகிப்து, துருக்கி வெங்காயம் வந்தது. கையில் அடங்காத சைஸ். ஆனால் காரமே இல்லை என்று பலரும் ஒதுக்கினார்கள். ரகம் ஒரு காரணம் என்றாலும், காரத்துக்கும் தண்ணிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தாராளமாக தண்ணி குடித்த வெங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள் நீர்த்துப்போகும், கண் அவ்வளவாக எரியாது. தண்ணிக்குக் கொஞ்சம் ஏங்கிய காய் சிறுத்து, காரம் ஏறி நிற்கும். சாம்பாருக்கு எது வேண்டும் என்று கேட்டால் நம்ம வீடுகளில் பதில் ஒன்றுதான். குஜராத்தின் மஹுவாவில் வெங்காயத்தை உலர்த்திப் பொடியாக்கும் ஆலைகளுக்கும் அதே கணக்கு. உள்ளே தண்ணி குறைவாக, திடப்பொருள் அதிகமாக இருந்தால்தான் ஒரு கிலோவுக்கு அதிகப் பொடி கிடைக்கும்.

மழைக்கால வெங்காயத்தின் கஷ்டத்துக்கு பக்கத்து மாநிலமே சாட்சி. 2025-ல் கர்னூலில் விலை சரிந்தபோது, ஆந்திர அரசு குவிண்டாலுக்கு 1,200 ரூபாய் என்று விலை வைத்து கொள்முதல் செய்தது. அதுவும் போதாமல் செப்டம்பரில் ஹெக்டேருக்கு 50,000 ரூபாய் உதவி அறிவித்தது. ஈரத்தில் விளைந்து ஈரத்தில் அறுக்கப்படும் வெங்காயத்தை வைத்திருந்து விற்க வழியில்லை. வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். நாசிக்கின் கோடை அறுவடை வெங்காயம் அக்டோபர் வரை கிடங்கில் தாங்குவதும், கர்னூல் சரக்கு தாங்காததும் இதனால்தான்.

அந்த நாசிக் சரக்கிலும் சேமிப்பில் 30 முதல் 40 சதவீதம் வரை இழப்பு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மத்திய அரசு 2024-25-ல் கையிருப்புக்காக 4.7 லட்சம் டன் வாங்கி வைத்தது. அதில் ஒரு பகுதி, 840 டன், அந்த ஆண்டு அக்டோபரில் ரயிலில் சென்னைக்கு வந்தது. கிடங்கு கட்டவும் கதிர்வீச்சு முறையில் பாதுகாக்கவும் திட்டங்கள் பேசப்படுகின்றன. தடித்த கழுத்தோடு வரும் காயை எந்தக் கிடங்கும் நல்ல காயாக மாற்றாது. கையிருப்புக்கு வாங்கும்போதே, தண்ணி நிறுத்தி நன்றாக உலர்த்திய சரக்குக்கு கிலோவுக்கு இரண்டு, மூன்று ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அழுகி வீணாவதை விட அது மலிவு.

கடம்பத்தூரில் வெங்காயம் போடலாமா?

திருவள்ளூர் மாவட்டத்துக்கு பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பல்கலைக்கழகம் சொல்லும் சின்ன வெங்காயப் பட்டங்களில் அக்டோபர்-நவம்பரும் ஒன்று என்றாலும், இங்கே அந்தச் சமயத்தில் நட்டால் காய் திரளும்போது வயலில் தண்ணி நிற்கும் ஆபத்து அதிகம். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு நட்டால் பங்குனி வாக்கில் வெயிலில் அறுக்கலாம். கழுத்து காய அதைவிட நல்ல பருவம் இல்லை. அந்த மாதங்களில் தண்ணிக்கு கிணறும் போர்வெல்லும்தான் கதி.

அங்கே இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகைகளின் நிலத்தடி நீரில் சென்னைக்கும் பங்கு உண்டு. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று குடிநீர் வாரியத்தின் கிணறுகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. 2017, 2019 மாதிரியான வறட்சி ஆண்டுகளில் விவசாயக் கிணறுகளில் இருந்தும் வாரியம் விலைக்கு தண்ணி வாங்கியது. மீஞ்சூர் பக்கம் அதிகம் உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்தது ஊரறிந்த விஷயம். உப்பு என்றால் வெங்காயத்துக்கு ஆகவே ஆகாது. மண்ணின் உப்பு அளவு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், 4.3 வந்தால் பாதி காலி. பொன்னேரி, மீஞ்சூர் கடலோரத்தில் வெங்காயம் போட நினைப்பவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணியைப் பரிசோதிக்க வேண்டும். உள்ளே தள்ளியிருக்கும் கடம்பத்தூர், பூண்டி பக்கம் அந்தக் கடல்நீர்த் தொல்லை இல்லை. இருந்தாலும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சொட்டு நீர் இருந்தால் வேலை சுலபம். மேட்டுப்பாத்தி போட்டு சொட்டு நீர்க் குழாய் விட்டால் 30 முதல் 40 சதவீதம் தண்ணி மிச்சமாகும். அதைவிட முக்கியம், வேர் இருக்கும் அந்த ஓர் அடிக்கு மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், நிறுத்த வேண்டிய நாளில் வால்வை மூடினால் உடனே நிற்கும். வாய்க்காலில் கடைசியாகப் பாய்ச்சிய தண்ணி வாரக்கணக்கில் மண்ணில் கிடக்கும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

வாங்குகிறவர்கள் கடையில் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வெங்காயத்தின் கழுத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்துங்கள். மெலிந்து, முறுக்கி, காய்ந்த கயிறு மாதிரி இருந்தால் மூட்டையாகவே வாங்கி வைக்கலாம். தடிமனாக, அழுத்தினால் அமுங்கினால், அரை கிலோ மட்டும் வாங்கி இரண்டே நாளில் சமைத்துவிடுங்கள்.